சனிக்கிழமைகளில் நீங்கள் பார்த்த முகம்

காரை மகளிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. இன்று காலை கீழே தரிப்பிடத்துக்குப் போய் அதைத் துப்புரவாக்கலாம் என்று பின்பெட்டியைத் திறந்தேன். மண் வாசம் குப்பென்று வந்தது. குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்தும் போகாத வாசம். கம்பளத்தின் இழைகளுக்குள் கறுப்பு மண் காய்ந்து இறுகியிருந்தது. கையால் தட்டினேன், போகவில்லை. தூசி உறிஞ்சியை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

நமக்குத் தோட்டம் இருந்ததில்லை. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இரண்டறை வீடு, இரண்டு கதிரை போட்டால் நிரம்பிவிடும் பால்கனி. அந்த வீட்டுக்கு நீங்கள் இரண்டு கோடைகாலமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு செடி வாங்கி வந்தீர்கள். பூச்சட்டிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவதென்றுகூடத் தெரியாத நீங்கள். இந்த மண் அந்தச் சட்டிகளில் இருந்து சிந்தியது.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று தை மாதத்திலிருந்தே நினைக்கிறேன். சொல்ல இருப்பது கொஞ்சம். கேட்க இருப்பதுதான் அதிகம்.

வார நாட்களில் நாம் கண்டுகொண்டது லிஃப்ட் வாசலில்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வந்து நான் லிஃப்டில் இருந்து வெளியே வர, நீங்கள் பின்னேர ஷிஃப்டுக்குப் புறப்பட்டுச் சாப்பாட்டுப் பையோடு நிற்பீர்கள். "மீன் குழம்பு அடுப்பிலை இருக்கு, சூடாக்கிச் சாப்பிடும்" என்பீர்கள். "குளிருது, தொப்பியைப் போடுங்கோ" என்பேன். கதவு மூடிவிடும். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான். சனிக்கிழமையில் உடுப்புத் தோய்ப்பது, பிளாசாவில் மரக்கறி வாங்குவது, பிறகு நீங்கள் படுத்துத் தூங்குவது. உலகத்தில் எத்தனையோ பேர் இப்படித்தான் வாழ்கிறார்கள். எனக்கும் அதில் பெரிய குறை இருந்ததில்லை.

மகள் கலியாணம் முடித்துப் பிக்கரிங் போனபின் வீடு சத்தமில்லாமல் போனது. அப்போது நீங்களாகவே ஒருநாள், "சனிக்கிழமையில எங்கையாவது போவமே, சும்மா வீட்டுக்க கிடந்து என்ன செய்யிறது" என்றீர்கள். எனக்கு நம்ப முடியவில்லை. கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டாலே முகம் சுளிக்கிற மனிதர் நீங்கள். ஆனால் போனோம். ஆப்பிள் தோட்டத்துக்குப் போய் ஏணியில் ஏறப் பயந்து கீழே விழுந்ததைப் பொறுக்கினோம். ஏரிக்கரையில் காரை நிறுத்திச் சம்பலும் பாணும் சாப்பிட்டோம். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தீர்கள்; நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மகளுக்குப் படம் அனுப்பினேன். "அம்மா, யு காய்ஸ் ஆர் ஸோ க்யூட்" என்று அவள் போன் எடுத்துச் சிரித்தாள்.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில்தான் ஒஷாவா தாண்டி இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குப் போனோம். தேவாலயத்தின் பின்னால் இருக்கும் வெளியில் சனிக்கிழமைச் சந்தை. வெள்ளைக்கார விவசாயிகள் தேனும் முட்டையும் பழப்பாகும் விற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கூடாரம். அதன் கீழ் கறிவேப்பிலைக் கன்றுகள், மிளகாய் நாற்று, கத்தரி நாற்று. ஒரு தமிழ்ப் பெண் நின்று உரத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் உங்கள் வயது மதிக்கக்கூடிய ஒருவர், கறுப்புக் கண்ணாடி போட்டபடி, சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மல்லிகா என்று அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாள். ஒஷாவாவில் வீடாம், நிலக்கீழ் அறையில் விளக்குப் போட்டு வளர்க்கிறார்களாம். நான் ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தெரிந்தெடுத்தேன். அப்போது அந்த மனிதர் நிமிர்ந்து உங்களைப் பார்த்துச் சொன்னார்.

"உங்களை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு."

தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் சொல்லுகிற சாதாரண வார்த்தை. நீங்கள் "இருக்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். கன்றைக்கூட வாங்கவில்லை. நான்தான் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். காரில் ஏறியதும் "என்னப்பா, அந்தாள் மரியாதையாத்தானே கேட்டவர்" என்றேன். நீங்கள் காரைக் கிளப்பினீர்கள். வீடு வரும்வரை வானொலியைக்கூடப் போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் நீர்வீழ்ச்சிப் பக்கம் போவோம் என்றேன். நீங்கள் சந்தைக்குப் போவோம் என்றீர்கள். அதற்கடுத்த சனியும் சந்தை. சனிக்கிழமைகளில் முகச்சவரம் செய்யத் தொடங்கினீர்கள். இஸ்திரி போட்ட சட்டை. அங்கே போனால் தேனும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். எங்கே நின்றாலும் உங்கள் முகம் பச்சைக் கூடாரத்தின் பக்கமாகவே திரும்பியிருக்கும். கடைசியில் போய் ஒரு செடி வாங்குவீர்கள். வாங்கும்போதும் ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள்.

அதைவிட விசித்திரமானது காலநிலை. வெள்ளிக்கிழமையே போனில் வானம் பார்ப்பீர்கள். நல்ல வெயில் என்றால் முகம் வாடிவிடும். போவோம், ஆனால் அரை மனதாக. முகில் மூடி மழை என்றால் எனக்கு முன்பே எழும்பித் தேத்தண்ணி போட்டுவிடுவீர்கள். மழைக்குள் சந்தைக்குப் போகிற மனிதரைப் பற்றி ஒரு மனைவி என்ன நினைப்பாள்? மழை நாளில் சனம் குறைவு, ஆறுதலாகப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். யாரைப் பார்க்க? மல்லிகா வடிவானவள். சிவப்பு மழைச்சட்டை போட்டால் இன்னும் வடிவு. என்னைவிடப் பத்து வயதாவது குறைவு.

நான் உங்களைப் பார்க்கத் தொடங்கினேன். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்க, நான் உங்களைப் பார்க்க, வாங்கிய சோளப்பொத்திப் பையோடு வெளி முழுக்க நடந்தேன். லிஃப்ட் வாசலில் "தொப்பியைப் போடுங்கோ" என்று சொல்லும்போதும் உங்கள் கண்ணில் எதையோ தேடினேன். சட்டையை முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருட வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாதது. மண்தான் மணத்தது.

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் எதுவும் தெரியவில்லை. துடைப்பான் போதாமல் நீங்கள் அடுத்த வெளியேறும் பாதையால் இறங்கி ஒரு கோப்பிக்கடை வாசலில் நிறுத்தினீர்கள். அங்கேதான் கேட்டேன்.

"அந்த மல்லிகாவில என்ன கண்டனீங்கள்?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ஆர் மல்லிகா?"

நடிக்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது, உங்களுக்கு உண்மையில் அந்தப் பெயர் தெரியாது. இத்தனை சனிக்கிழமைகளில் அவள் எத்தனையோ முறை தன் பெயரைச் சொல்லியிருப்பாள். உங்கள் காதில் விழவில்லை.

"செடி விக்கிறவ."

"நான் அவவைப் பாக்கேல்லை" என்றீர்கள். கை இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தது. "அந்தாளைத்தான் பாக்கிறன்."

"ஏன்?"

நீங்கள் காரின் இயந்திரத்தை நிறுத்தினீர்கள். கண்ணாடியில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில், சண்டைக் காலத்தில், ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, பிறகு வரவில்லை. சாமித்தட்டில் அவர் படம் இருக்கிறது. அதற்கு நீங்கள் பூ வைத்ததில்லை, மாலை போட விட்டதும் இல்லை. அதற்குமேல் கேட்டால் எழும்பிப் போய்விடுவீர்கள்.

"பிடிச்ச அண்டைக்கு நானும் பக்கத்திலதான் நிண்டனான்" என்றீர்கள். "இவ்வளவு நாளும் உமக்குச் சொல்லேல்லை."

ஊரில் ஆண்கள் எல்லோரையும் வெளியே கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பிலிருந்து தலையாட்டியை இறக்கினார்கள். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட்ட ஒருவன். அவனும் நம் ஆள்தான், தமிழன். வரிசையில் நடந்து வந்து யாருக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுகிறானோ, அவனைப் போராளி என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் நானும் கேள்விப்பட்டதுதான். ஆனால் நீங்கள் அதைச் சொன்ன விதம் வேறு.

"எனக்கு முன்னால வந்து கன நேரம் நிண்டவன். அவன் என்ர கண்ணைப் பாக்கிறான், நான் அவன்ர கண்ணைப் பாக்கிறன். இடக்கண் வெள்ளையில, மூக்குப் பக்கமா, ஒரு மண்ணிறப் புள்ளி. மிளகளவு இருக்கும். தெரிஞ்ச ஆளைப் பாக்கிற மாதிரித்தான் பாத்தவன். பிறகு ஒரு அடி தள்ளித் தம்பிக்கு முன்னால நிண்டு தலையை ஆட்டினவன்."

ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தீர்கள்.

"ஏன் எனக்கு ஆட்டேல்லை, சொல்லும் பாப்பம். என்னைத் தெரிஞ்ச ஆள்தானே விட்டிருப்பான்? எனக்குத் தெரிஞ்ச ஆரோ ஒராள். அவன் இஞ்ச கனடாவில இருக்கக்கூடாதோ?"

அந்தக் கார் நிறுத்தத்தில், நம்முடைய முப்பது வருடமும் எனக்கு ஒருமுறை திரும்பி ஓடியது. கலியாண வீடுகளில் கடைசி வரிசையில், சுவரோடு முதுகை ஒட்டி நீங்கள் இருந்தது. கோயிலில் சாமியைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தது. தொழிற்சாலையில் தமிழர் ஒன்றாகச் சாப்பிடும் மேசைக்குப் போகாமல் தனியே இருந்தது. என் அண்ணனின் நண்பர் கைகொடுக்க வந்தபோது ஒரு நொடி தாமதித்துக் கைகொடுத்தது. கூச்ச சுபாவம் என்று சிலருக்கும், தலைக்கனம் என்று சிலருக்கும் நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அந்த இடமெல்லாம் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

"அவர்ர கண்ணைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"எங்க பாக்கிறது. கண்ணாடியைக் கழட்டுறானே இல்லை. வெயிலில்லாத நாளிலயாவது கழட்டுவான் எண்டு பாத்தால், மழைக்கையும் போட்டுக்கொண்டு நிக்கிறான்." பிறகு மெதுவாகச் சொன்னீர்கள், "மழைக்கை ஆராவது கறுப்புக் கண்ணாடி போடுவினமே?"

யாரும் போடமாட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து நானும் சந்தேகப்பட்டேன்.

எனக்கு மல்லிகாவோடு பேசுவது எளிதாக இருந்தது. செடிக்கு என்ன உரம், பூச்சிக்கு என்ன மருந்து என்று தொடங்கி ஊருக்கு வந்துவிடுவேன். "உங்கட அவர் எவ்விடம்?" என்று ஒருநாள் கேட்டேன். "வவுனியா" என்றாள். இரண்டு வாரம் கழித்து, வேறு ஏதோ பேச்சில், "இவர் மானிப்பாயில படிக்கேக்குள்ள" என்று சொன்னாள். கையில் இருந்த மிளகாய்ச் செடியைத் திரும்ப வைத்தேன். வவுனியா எங்கோ தொலைவில்; மானிப்பாய் உங்கள் ஊரில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். காருக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் தலையை மட்டும் அசைத்தீர்கள்.

"கண்ணில என்ன வருத்தம் அவருக்கு?" என்று இன்னொரு நாள் கேட்டேன். "வெளிச்சம் கூசும். கன காலமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மல்லிகா பேச்சை மாற்றினாள். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

புரட்டாதியில் அவள் எங்களைத் தேத்தண்ணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டாள். நீங்கள் ஒஷாவா வரை காரை ஓட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, "நீர் போம். நான் இதில இருக்கிறன்" என்றீர்கள். நான் தனியே உள்ளே போனேன். சமையலறையில் வெளிச்சமே இல்லை. திரைச்சீலை எல்லாம் மூடிக் கிடந்தது. அந்த மனிதர் மேசையில் இருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. வீட்டுக்குள்ளும். எனக்கு வடை எடுத்து வைத்தார். "அவர் உள்ளுக்கு வரேல்லையோ" என்று கேட்டார். "தலையிடி" என்று பொய் சொன்னேன். "ஓம், வெயிலுக்கு அப்பிடித்தான்" என்றார். அவர் தேத்தண்ணி குடிக்கும்போது ஆவி கண்ணாடியில் படிந்தது. இப்போது கழற்றித் துடைப்பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். துடைக்கவில்லை. ஆவி தானாகப் போகும்வரை காத்திருந்தார்.

காருக்கு வந்ததும் நீங்கள் கேட்டீர்கள். "பாத்தனீரோ?"

"இல்லை. வீட்டுக்கையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்."

"ம்" என்றீர்கள்.

அந்த "ம்" எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அன்றைக்கு அதை ஏமாற்றம் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் சந்தை மூடிவிட்டார்கள். அடுத்த வைகாசியில் திறந்தபோது நாம் முதல் நாளே போனோம். அந்தக் கோடையில் நீங்கள் மாறியிருந்தீர்கள். தூரத்தில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டுக் கூடாரத்தின் கீழேயே போய் நின்றீர்கள். காற்று அடித்தால் கம்பத்தைப் பிடித்தீர்கள். சட்டிகளை வண்டியில் இருந்து இறக்கிக் கொடுத்தீர்கள். இருவரும் பேசிக்கொண்டதை நான் அதிகம் காணவில்லை; பக்கத்தில் பக்கத்தில் நிற்பீர்கள், அவ்வளவுதான். நீங்கள் பதுங்கி நெருங்குகிறீர்கள் என்று நினைத்தேன். அவர் அசந்த நேரம் கண்ணாடியைப் பறித்துவிடுவீர்கள், அந்த வெளி நடுவே ஏதோ நடந்துவிடும் என்று பயந்து, சோளப்பொத்தி வாங்கும்போதுகூட உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இண்டைக்காவது தெரிஞ்சுதோ?" என்று காரில் கேட்பேன். "இன்னும் இல்லை" என்பீர்கள். ஒவ்வொரு வாரமும் அதே பதில். ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தும் சொன்னீர்கள். உங்கள் சிரிப்பில்கூட எனக்கு ஏதோ ஒளிந்திருப்பதாகத் தோன்றியது.

தை மாதம் நீங்கள் வேலையிடத்தில் இரவுச் சாப்பாட்டு இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்களாம். இருந்த இருப்பிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். நான் வந்து பார்த்தபோது தொப்பி உங்கள் மடியில் இருந்தது. மிச்சத்தை நான் எழுதப்போவதில்லை.

உங்கள் உடலைப் பார்வைக்கு வைத்த நாளில் அவர்கள் இருவரும் வந்தார்கள். மண்டபத்தில் சனம் குறைவு; உங்களுக்கு நண்பர்கள் குறைவு. மல்லிகா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவர் உங்கள் அருகில் போய் வெகுநேரம் நின்றார். கடைசியாக ஒருமுறை பார்த்துச் சமாதானப்பட வந்திருக்கிறானோ என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவர் என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"தங்கச்சி, உங்களுக்கும் பாக்கவேணும்போல இருக்கும். பாருங்கோ."

கண்ணாடியைக் கழற்றினார். அந்த மண்டபத்து விளக்கு அவருக்குக் கூசியது. கண் நீர் கட்டியது. ஆனாலும் மூடாமல் திறந்து பிடித்தார். நான் இடக்கண்ணைப் பார்த்தேன். பிறகு வலக்கண்ணையும் பார்த்தேன், நீங்கள் எந்தக் கண் என்று சொன்னீர்கள் என்பது அந்த நேரம் எனக்கே சந்தேகமாகப் போய்விட்டதால். இரண்டும் சிவந்திருந்தன. புள்ளி எதுவும் இல்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அவர் கேட்டவர். முதல் வருசம், சோளக் காலத்தில. நீங்கள் அங்கால போயிருந்தனீங்கள். 'கண்ணாடியைக் கழட்டுவியளோ' எண்டார். கழட்டினனான்."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"கேக்கத் தேவையில்லை, தங்கச்சி." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "என்னையும் ஒருக்கால் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். கூடப் போன பெடியள் ஒருத்தரும் வரேல்லை. நான் வந்திட்டன். உயிரோட வந்தவனைச் சனம், இவன்தான் காட்டிக்குடுத்தவனோ எண்டு, எப்பிடிப் பாக்கும் எண்டு எனக்குத் தெரியும். மானிப்பாயில இருக்க ஏலாமல்தான் வவுனியாவுக்குப் போனது. இந்தக் கண்ணும் அவங்கள் பிடிச்சு வைச்சிருந்த இருட்டறையால வந்ததுதான்."

முதல் வருடம், சோளக் காலம். அப்படியென்றால் நான் ஒஷாவாவில் அவர் வீட்டு மேசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். "பாத்தனீரோ?" என்று நீங்கள் கேட்டபோதே உங்களுக்குப் பதில் தெரியும். அந்த "ம்" ஏமாற்றம் இல்லை. அடுத்த கோடை முழுவதும் "இன்னும் இல்லை" என்று என்னிடம் சொன்னது பொய்.

உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே எனக்குக் கோபம் வந்தது. அதை அவரிடம்தான் காட்டினேன். "பிறகு ஏன் கிழமைக்குக் கிழமை வந்தவர்? அவருக்குத்தான் தெரிஞ்சிட்டுதே."

அவர் மல்லிகாவைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார்.

"நானும் ஒருக்கால் கேட்டனான். அப்ப சொன்னவர், 'இந்த நாட்டில நான் பாத்து முடிச்ச ஆள் நீங்கள் ஒராள்தான். மற்ற ஆரைக் கண்டாலும் அவனோ எண்டுதான் மனம் போகுது. உங்களுக்குப் பக்கத்தில நிக்கேக்குள்ள மட்டும் எனக்கு ஆறுதலாக் கிடக்கு' எண்டு."

அவர் போய்க் கடைசி வரிசையில் இருந்துகொண்டார்.

இதைத்தான் நான் மாதக்கணக்காக யோசிக்கிறேன். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். உங்கள் குரலே அந்த வார்த்தைகளில் கேட்டது. ஆனால் இறந்தவர் சொன்னதாக யாரும் எதையும் சொல்லலாம் என்றும் ஒரு பக்கம் மனம் சொல்கிறது. பாருங்கள், கண்ணைக் கண்ட பிறகும் நான் விடவில்லை.

அது உண்மை என்றால், ஏன் என்னிடம் சொல்லவில்லை? அவர் அந்தத் தலையாட்டி இல்லை என்று எனக்குத் தெரிந்தால் சந்தைக்குப் போக ஒரு காரணம் இருக்காது, நான் நீர்வீழ்ச்சிக்குப் போவோம் என்று நிற்பேன் என்று நினைத்தீர்களா? அல்லது, அவர் இல்லை என்றால் அடுத்ததாக வேறு யார் என்று நான் கேட்பேன், அந்தக் கேள்விக்கு முடிவில்லை என்று தெரிந்துதானா? இன்னொன்றும் இருக்கிறது. முப்பது வருடம் என்னோடு இருந்தும் உங்களுக்கு ஆறுதல் கிடைத்தது செடி விற்கிற ஒரு மனிதருக்குப் பக்கத்தில். இதை எழுதும்போது எனக்கு மல்லிகாவில் வந்ததைவிடப் பெரிய பொறாமை வருகிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் நீங்கள் காரில் நன்றாகத் தூங்கியதும் ஞாபகம் வருகிறது. அந்த இரண்டாவது கோடையில் திரும்பி வரும்போது பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன். நீங்கள் பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்து தூங்குவீர்கள். அதற்கு முன்பு நீங்கள் வீட்டுக்கு வெளியே கண்ணை மூடியதை நான் கண்டதில்லை.

உங்களிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இப்போது சொல்கிறேன். கோயிலில் சாமியைப் பார்க்க எனக்கு நேரம் எடுக்கிறது. பிளாசாவில் மரக்கறி நிறுக்கிறவரை, மருந்துக்கடையில் வரிசையில் நிற்கிறவரை, அறுபது வயது மதிக்கக்கூடிய எந்தத் தமிழரையும், முதலில் இடக்கண்ணில்தான் பார்க்கிறேன். எனக்கு அந்த வரிசையும் தெரியாது, அந்தச் சாக்கும் தெரியாது. ஆனாலும் பார்க்கிறேன். போன வாரம் பஸ்ஸில் ஒரு பெரியவர் எழும்பி எனக்கு இடம் தந்தார். நன்றி சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "என்ன பிள்ளை, என்னைத் தெரியுமோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு அந்த இருக்கையில் இருந்தேன். அவர் இறங்கும்வரை அவர் யாராக இருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மகளும் அன்றைக்கு என்னோடு வந்தவள். "அம்மா, ஏன் ஆக்களை உப்பிடிப் பாக்கிறீங்கள்? இட்ஸ் ரூட்" என்று காதோடு சொன்னாள். பிறகு, "அப்பாவும் இப்பிடித்தான் பாக்கிறவர்" என்றாள். "ஏன் அம்மா? அப்பா ஆரையாவது தேடினவரோ?"

அவளுக்குச் சொல்ல வாய்வரை வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஆறு மாதம் இப்போது, உங்களுக்குத் தெரியாது. சொன்னால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸிலேயே அவளும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கியிருப்பாள்.

"அப்பாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் குறைவு, பிள்ளை" என்றேன். "எனக்கும் இப்ப அப்பிடித்தான்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.